சுற்றுச்சூழல் கல்வியும் தமிழ்த்துறையும்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்து, மரம், புள், விலங்கு, உணவு, தொழில், யாழ் முதலியவற்றைக் கருப்பொருள் என ஒருசேர வைத்து எண்ணியது தொல்காப்பியம். இன்றைய கல்லூரியிலோ மரம் தாவரவியலுக்கு, புள் விலங்கியலுக்கு, தொழில் பொருளியலுக்கு, யாழ் தமிழுக்கு எனப் பாகப்பிரிவினை நடந்துவிட்டது. பிரிந்தவற்றை மீண்டும் ஒன்றுசேர்க்கும் வாய்ப்பே சுற்றுச்சூழல் கல்வி.

கல்வியின் எல்லா நிலைகளிலும் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயமாக இடம்பெற வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1991இல் பணித்தது. அதனை நடைமுறைப்படுத்துமாறு 2003இல் மீண்டும் ஆணையிட்டது. அதன்பின் பல்கலைக்கழக மானியக் குழு இளநிலை வகுப்புகள் அனைத்திற்கும் 50 பாடவேளை கொண்ட பொதுப்பாடம் ஒன்றை வகுத்தது. அவற்றுள் 5 வேளை களப்பணிக்கு உரியவை. ஆயின் அக்களப்பணி பல இடங்களில் ஏட்டளவில் நின்று, பாடமும் தேர்வுக்கு மனனம் செய்யும் ஒன்றாகச் சுருங்கிவிட்டதை நாம் அறிவோம்.

களம் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மேலூருக்கு அருகே அரிட்டாபட்டி உள்ளது. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் ஏறத்தாழ 193 எக்டேர் நிலம் அறிவிக்கப்பட்டது. அங்குள்ள குன்றுகளில் லகர் வல்லூறு வாழ்கிறது. சமணர் படுக்கையும் தமிழ்ப்பிராமிக் கல்வெட்டும் பாண்டியர் குடைவரையும் உள்ளன. பாறைமேல் விழும் மழைநீர் சுனையாய் ஊறிக் கண்மாய்க்கு இறங்குகிறது. கல்வெட்டு ஒன்று 'இலஞ்சி' என்னும் ஊரைக் குறிக்கிறது. அச்சொல்லுக்கு நீர்நிலை என்பது பொருள். இவற்றுள் எதனை எந்தத் துறை தனக்கே உரியது என்று சொல்ல இயலும்?

அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தின் முடிவு 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்டபோது மேலூர் வட்டார மக்கள் திரண்டு எதிர்த்தனர். வயலையும் நீரையும் பறவையையும் கல்வெட்டையும் ஒரே மூச்சில் எடுத்துரைத்தனர். 2025 சனவரியில் மைய அரசு அவ்வேலத்தை நீக்கியது. கல்லூரி பிரித்துப் பயிற்றுவதை மக்கள் இணைத்தே அறிந்திருந்தனர் என்பது நாம் கருதத்தக்கது.

ஆதலின் ஆண்டுதோறும் ஒரு குன்றையோ கண்மாயையோ தேர்ந்து எல்லாத் துறைகளும் ஒன்றாகப் பயிலும் திட்டம் வேண்டும் என்பது எம் கருத்து. நீரின் தன்மையை வேதியியலார் ஆய்க. உயிரினங்களை விலங்கியலாரும் தாவரவியலாரும் எண்ணுக. ஆயக்கட்டின் விளைவையும் வருவாயையும் பொருளியலார் கணக்கிடுக. கல்வெட்டை வரலாற்றார் படிக்க. கலுங்கு, குமிழித்தூம்பு, நீர்ப்பாய்ச்சி போன்ற சொற்களை ஊர் முதியோரிடம் கேட்டுத் தொகுப்பது தமிழ் மாணவர் கடன். முடிவில் அனைவரும் சேர்ந்து ஓர் அறிக்கையைத் தமிழில் எழுதி அவ்வூர் ஊராட்சிக்கே வழங்குதல் வேண்டும். மதிப்பெண்ணும் அவ்வறிக்கைக்கே அமைதல் தகும்.

கண்மாய் தூர்ந்தபின் தூர் வாரலாம். அதனை ஆண்ட சொல் மறைந்துவிட்டால் அதன் பயன்பாட்டு முறையும் உடன் மறையும். அச்சொற்களை அறிந்த முதியோர் நம்மிடையே உள்ளபோதே இப்பணியைத் தொடங்குதல் நன்று. தொடங்க நமக்குத் தேவையானவை அந்த 5 வேளைகளும், அடுத்த துறையின் வாயிலைத் தட்டும் மனமுமே.