வாய் மடங்குகிறதா, பல் விழுகிறதா?

அன்புள்ள தம்பி,

முதுகு தடித்த, மடக்க முடியாத, கனமான வெட்டுக்கத்தி ஒன்றைப் புதிதாக வாங்கியிருக்கிறாய். திருத்தணிப் பக்கத்தில் அதற்கு வேலைக்குப் பஞ்சமில்லை. கரும்பு இருக்கிறது, தென்னை மட்டை இருக்கிறது, வரப்பு ஓரமெல்லாம் வேலிகாத்தான் இருக்கிறது. புதுக் கத்தி கைக்கு வந்ததும் எல்லாரும் காகிதத்தைக் கீறிப் பார்ப்பார்கள், கை மயிரை மழித்துப் பார்ப்பார்கள். அந்தச் சோதனை சாணை பிடித்தவரின் திறமையைச் சொல்லும். கத்தியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மட்டமான இரும்பையும் அரை நாளுக்குக் காகிதம் கிழிக்கும்படி தீட்டிவிடலாம். நான் சொல்ல வருவது ஒன்றுதான். கனத்த வேலைக்கான கத்தியை, அது நன்றாக வெட்டுகிறபோது அறிய முடியாது. அதன் வாய் எப்படிக் கெடுகிறது என்று பார்த்துத்தான் அறிய முடியும்.

காரணம் அது பிறந்த விதத்தில் இருக்கிறது. கொல்லுப்பட்டறைகளில் இத்தகைய கத்திக்குப் பெரும்பாலும் எடுப்பது பழைய லாரியின் வில்பட்டையை. அந்த எஃகில் கரிமம் ஏறத்தாழ 0.5 முதல் 0.6 சதவீதம் இருக்கும். உலையில் காய்ச்சி, அடித்து, உருவம் வந்தபின், காந்தம் ஒட்டாத அளவுக்கு, அதாவது 770 டிகிரி செல்சியஸுக்கு மேல், சூடேற்றி வாய்ப்பக்கத்தை நீரிலோ எண்ணெயிலோ தோய்க்கிறார்கள். சட்டென்று குளிர்ந்த வாய் கடினமாகிறது. மெல்ல ஆறுகிற முதுகு அவ்வளவு இறுகுவதில்லை. அப்படியே விட்டால் வாய் கண்ணாடி போல நொறுங்கும். அதனால் மறுபடி மிதமாகச் சூடு காட்டுகிறார்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய எஃகின்மேல் 220 டிகிரி அளவில் வைக்கோல் மஞ்சள் தெரியும், 300 டிகிரியை நெருங்கும்போது நீலம் ஏறும். மஞ்சளில் நிறுத்தினால் கடினம் மிஞ்சும், நீலத்தில் நிறுத்தினால் இளக்கம் மிஞ்சும். பதம் என்று சொல்வது இதைத்தான். கொல்லரின் கண் அந்த நிறத்தைப் பிடிக்கும் சில நொடிகளில் கத்தியின் குணம் தீர்மானமாகிவிடுகிறது. ஒரே பட்டையில், ஒரே கையில், ஒரே நாளில் உருவான இரண்டு கத்திகள்கூட வேறுபடுவது அதனால்தான். விலையோ எஃகின் பெயரோ அந்த நொடிகளில் நடந்ததைச் சொல்லாது.

சொல்வது வாய் மட்டும்தான். கெட்டியான ஒன்றில் மோதும்போது அது இரண்டில் ஒரு விதமாகத் தோற்கும். வாய் மடங்கினால் கடினம் குறைவு. பல் விழுந்தால் கடினம் அதிகம். இதைப் படிக்க வேலையைப் படிப்படியாகக் கொடு. முதலில் வாழைமரம், பச்சைக் கிளை. பிறகு தென்னை மட்டை, மூங்கில். கடைசியில் காய்ந்த வேலிகாத்தான். ஒவ்வொரு படிக்குப் பின்னும் கத்தியைத் துடைத்து, வாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார். ஒழுங்கான வாய் ஒளியைத் திருப்பாது. எங்காவது புள்ளியாகவோ கோடாகவோ மினுக்கினால் அங்கே சேதம். பருத்தித் துணியை முதுகிலிருந்து வாய் நோக்கி மெல்ல இழுத்தால், மடங்கிய பக்கம் நூலைப் பிடிக்கும். அரத்தை முதுகில் ஒருமுறை தள்ளிப் பார், கடிக்கும். வாய்ப்பக்கம் தள்ளினால் வழுக்க வேண்டும், அல்லது முதுகைவிடத் தெளிவாகக் குறைத்துக் கடிக்க வேண்டும். இரண்டிடத்திலும் ஒரே மாதிரி கடித்தால் தோய்ச்சல் சரியாக ஏறவில்லை என்று சந்தேகப்படு. இவ்வளவுக்கும் முன்னால், பிடி ஆடுகிறதா, பூண் இறுக்கமா என்று பார்த்துவிடு. வீச்சு தவறினால் கத்தி போகும் பாதையில் உன் கால் இருக்கவே கூடாது.

'மடங்காமலும் உடையாமலும் இருக்கும் மிகக் கடினமான எஃகையே வாங்கினால் என்ன?' என்று நீ கேட்கலாம். அப்படி ஒன்று கிடைக்காது என்பதற்குச் சான்று உன் மாவட்டத்திலேயே இருக்கிறது. கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அங்கே கிடைத்த பழைய கருவிகள் 10 லட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை என்று 2011-ல் வெளியான ஆய்வு காட்டியது. அவற்றில் பெரும்பாலானவை குவார்ட்சைட் கல். அது எஃகைக் கீறும் அளவுக்குக் கடினம். ஆனால் துளியும் வளையாது. அடி தாங்காவிட்டால் பல் விழ மட்டும்தான் அதற்குத் தெரியும். அதனால்தான் அக்கருவிகளில் உள்ள கைக்கோடரிகளின் விளிம்பு, தடித்த உடலிலிருந்து அகன்ற கோணத்தில் இறங்குகிறது. கடினத்துக்குக் கொடுத்த விலை அது. எஃகிலும் இதே கணக்குதான். மூசையில் உருக்கிய தென்னிந்திய எஃகு, 1 சதவீதத்துக்கு மேல் கரிமம் கொண்டு, வாள்களுக்காக உலகெங்கும் போனது. அந்தப் பெருமை உண்மை. ஆனால் அந்த எஃகின் கடினத்தை விறகுக் கட்டைமேல் வீசும் கத்தியிடம் கேட்பது பொருந்தாது. திருவாலங்காட்டுக் கூட்டுறவு ஆலைக்குப் போகும் கரும்பை எப்படி வெட்டுகிறார்கள் என்று கவனி. அடித்தண்டில் சர்க்கரை அதிகம் என்பதால் தரையை ஒட்டி வெட்ட வேண்டும். மண்ணிலும் கல்லிலும் வாய் படாமல் தப்பாது. அங்கே மடங்கும் வாயைச் சில இழுப்பில் நிமிர்த்திவிடலாம். விழுந்த பல்லைச் சரிசெய்ய வாய் முழுவதையும் தேய்த்துக் குறைக்க வேண்டும். ஆகவே கனத்த வேலைக்கு, கொஞ்சம் மடங்கும் கத்தியே பல் விழும் கத்தியைவிட மேல்.

'பேர்போன பட்டறையில் வாங்கினால் இத்தனை சோதனை எதற்கு?' என்பது அடுத்த கேள்வி. திருப்பாச்சேத்தி அரிவாளுக்குத் தமிழ்நாடெங்கும் பெயர் உண்டு. பெயர் நல்ல வாய்ப்பைத் தரும், உறுதியைத் தராது. பட்டறையை விட்டு வெளியே வந்தபின்னும் கத்தி கெடலாம். கிரைண்டரில் அழுத்திச் சாணை பிடிக்கும்போது வாய் நீலம் பாய்ந்தால், கொல்லர் வைத்த பதம் அந்த இடத்தில் செத்துவிடும். இதையே திருப்பியும் பார். புதுக் கத்தி முதல் நாளே மடங்கினால் குற்றம் முழுதும் கொல்லருடையது என்று தீர்ப்பெழுதாதே. சூடுபட்ட மெல்லிய விளிம்பு மட்டும் கெட்டிருக்கலாம். தண்ணீர் விட்டுக் கல்லில் இரண்டு மூன்று முறை தீட்டி, அந்த விளிம்பு தேய்ந்தபின் பார். உள்ளே நல்ல எஃகு இருக்கலாம். அப்போதும் கெட்டால் கோணத்தை மாற்று. சமையல் கத்திக்கு இரு பக்கமும் சேர்த்து 30 டிகிரி போதும். வெட்டுக்கத்திக்கு 40 முதல் 50 வேண்டும். இளநீர் சீவவும் விறகு பிளக்கவும் ஒரே கத்திதான் என்றால், பிடியை ஒட்டிய பகுதியைச் சற்று மெல்லிசாகவும் வீச்சு விழும் முன்பகுதியைத் தடிப்பாகவும் தீட்டி வை. கோணம் அகன்ற பிறகும் பல் விழுந்தாலோ வாய் மடங்கினாலோதான் பதத்தில் குறை. அப்போது கொல்லரிடம் கொண்டுபோய் 'கத்தி சரியில்லை' என்று சொல்லாதே; 'பல் விழுகிறது' என்றோ 'வாய் மடங்குகிறது' என்றோ சொல். முன்னதற்கு மறுபடி சூடு காட்டி இளக்குவார்; பின்னதற்குத் திரும்பத் தோய்ப்பார்.

'இவ்வளவு பெரிய கத்தி எதற்கு, இது ஆயுதமல்லவா?' என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று செய்த பொருள்களை ஆயுதம் என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. 2016-ஆம் ஆண்டு விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைக் குறிப்பிடும்போதும் வீட்டு, விவசாய, தொழில் கருவிகளுக்கு விலக்குத் தருகின்றன. கத்தி எந்த வேலைக்கானது என்பதே அங்கே கேள்வி. அதனால் வேலை இருக்கும் இடத்துக்கு உறையில் போட்டு எடுத்துப் போ, வேலை முடிந்ததும் வீட்டுக்குக் கொண்டுவா. ரயிலிலும், ஆடிக்கிருத்திகைக் கூட்டத்திலும் அதற்கு வேலை இல்லை.

வேலை முடிந்த ஒவ்வொரு நாளும் துடைத்து, வாயை வெளிச்சத்தில் பார்த்து, தேங்காய் எண்ணெய் தடவி வை. ஒரு பருவ வேலைக்குப் பிறகு உன் கத்தி எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று யாரையும் கேட்காமல் உன்னால் சொல்ல முடிய வேண்டும். அதுவரை அது நீ வாங்கிய கத்திதான். நீ அறிந்த கத்தி அல்ல.

அன்புடன்,
அண்ணன்