பற்றவைத்த எஃகுக்கு மறுசூடு எதற்கு?

கேள்வி: திருவெறும்பூர் பெல் ஆலையில் தயாராகும் தடித்த கொதிகலன் குழாய்களை வெல்டிங் செய்த பின் மீண்டும் சூடாக்குவது ஏன்? (வாசகர், ஸ்ரீரங்கம்)

பதில்: உயர்வெப்பத்தைத் தாங்கவேண்டிய இக்குழாய்களுக்குக் குரோமியம், மாலிப்டினம் ஆகியவை சிறிதளவு சேர்ந்த குறைகலப்பு எஃகு பயன்படுகிறது. வெல்டிங்கில் உருகிய உலோகம் விரைந்து குளிர்வதால், இணைப்பும் அதையொட்டிய பகுதியும் கடினமாகி நொறுங்கும் இயல்பைப் பெறுவதோடு, சுருங்க முயலும் உலோகத்தைச் சுற்றுப்பகுதி தடுப்பதால் எச்சத் தகைவு எனப்படும் உள்ளிழுவிசையும் தங்கிவிடுகிறது. ஹைட்ரஜனும் சேர்ந்தால் விரிசல் காணும். ஆகவே இணைப்பை மெல்லச் சூடாக்கி, ஏறத்தாழ 700 டிகிரி செல்சியசில், 25 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சுமார் ஒரு மணி நேரம் வைத்திருந்து, மெல்லக் குளிர்விக்கின்றனர். இதனால் தகைவு பெரிதும் தளர்ந்து, கடினம் தணிகிறது. வெப்பம் வரம்பை மீறினால் எஃகின் வலிமையே குன்றும் என்பதால், தெர்மோகப்பிள் என்னும் வெப்பமானியைப் பொருத்தி வெப்பநிலையைத் தொடர்ந்து பதிவு செய்வது கட்டாயமாகும்.