ஊசியின் அளவை வயிற்றைக் கேட்டு ஏற்றுங்கள்

அன்புள்ள இளம் மருத்துவருக்கு,

திருச்சி தில்லைநகரில் கிளினிக் வைத்தாலும் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியில் வைத்தாலும், எடை குறைக்கும் ஊசியைப் பற்றி உங்களிடம் கேட்கத்தான் போகிறார்கள். 2025 மார்ச்சில் மவுஞ்சாரோவும் ஜூனில் வெகோவியும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023-இல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு கணித்த நாட்டில் இவை பெரிய வரம். ஆனால், "கொஞ்ச நாள் குமட்டும், பொறுத்துக்குங்க" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அளவை எப்போது ஏற்றுவது என்பதை நோயாளியின் வயிற்றைக் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

2021-இல் வெளியான ஸ்டெப் 1 ஆய்வில் 1,961 பேர் சேர்க்கப்பட்டார்கள். வெகோவியில் உள்ள செமாகுளுடைட் மருந்தைப் பெற்றவர்கள் 68 வாரங்களில் சராசரியாக 15 விழுக்காடு எடை இழந்தார்கள். அவர்களில் 44 விழுக்காட்டினருக்குக் குமட்டல், கால்வாசிப் பேருக்கு வாந்தி. வயிற்றுத் தொந்தரவால் மருந்தை விட்டவர்கள் 4.5 விழுக்காடுதானே என்று நீங்கள் கேட்கலாம். ஆய்வில் மருந்து இலவசம், விசாரிக்க ஆளும் உண்டு. கைக்காசு போட்டு வாங்குபவர் வாந்தி எடுத்தால் உங்களிடம் சொல்லாமலே நிறுத்திவிடுவார். இம்மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது, மூளையின் குமட்டல் மையத்தையும் தூண்டுகிறது. உடல் இதற்குப் பழகிவிடும். தொந்தரவு பெரும்பாலும் அளவை ஏற்றும் வாரங்களில்தான். செமாகுளுடைட்டின் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறக்குறைய ஒரு வாரமாகும் என்பதால், போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க வழியில்லை. கேட்க வேண்டியதை ஊசிக்கு முன்பே கேளுங்கள்.

மெதுவாக ஏற்றினால் எடை மெதுவாகத்தானே குறையும் என்பது நியாயமான கேள்வி. ஆனால் நீண்ட நாள் போட வேண்டிய மருந்தில் ஒரு மாதத் தாமதம் பெரிய இழப்பல்ல. தாங்காவிட்டால் ஏற்றுவதை நான்கு வாரம் தள்ளலாம் என்று வெகோவியின் குறிப்பேடே சொல்கிறது. பக்கவிளைவைச் சொன்னால் பயந்துவிடுவார்கள் என்பதையும் நான் ஏற்கவில்லை. அதே ஆய்வில் மருந்தில்லாத வெற்று ஊசி பெற்றவர்களிலும் 17 விழுக்காட்டினருக்குக் குமட்டல் இருந்தது உண்மைதான். அச்சமும் வயிற்றைப் பிரட்டும். ஆனால் முன்கூட்டியே அறிந்தவர் உங்களுக்குப் போன் செய்வார், அறியாதவர் ஊசியைத் தூக்கிப் போடுவார்.

நம் ஊர் வாழ்க்கையையும் கணக்கில் எடுங்கள். ஏகாதசி முழுக்கப் பட்டினி கிடந்து துவாதசிப் பாரணையில் வயிறு நிறையச் சாப்பிடுபவருக்கு, வைகுண்ட ஏகாதசி வாரத்தில் அளவை ஏற்றாதீர்கள். கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையும் சேர்ந்திருந்தால் பட்டினியில் சர்க்கரை தாழும். அந்த மாத்திரையின் அளவை முதலிலேயே குறைத்துவிடுங்கள். புளியோதரையும் நெய் மிதக்கும் அக்காரவடிசிலும் பிரசாதமாக ஒரு கவளம் போதும் என்று அன்பாகச் சொல்லுங்கள். தடை போட்டால் மறைத்துச் சாப்பிடுவார்கள். அக்னி நட்சத்திரத்தில் வாந்தியும் பேதியும் சேர்ந்தால் நீர்வற்றிச் சிறுநீரகம் அடிபடும். உப்புச் சர்க்கரைக் கரைசலை ஊசியோடு சேர்த்தே சீட்டில் எழுதுங்கள். மலச்சிக்கலை யாரும் தாமாகச் சொல்வதில்லை, நீங்களே கேளுங்கள். மேல்வயிற்றில் விடாத கடும் வலி வந்து முதுகுக்குப் பரவினால் அடுத்த ஊசியை நிறுத்தி, கணைய அழற்சியா என்று அறிய அன்றைக்கே லைபேஸ் பாருங்கள். மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கு அனுப்ப விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.