இன்ஜினை இறக்குவதற்கு முன்: பழைய புல்லட்டில் சத்தம் பிடிக்கும் வேலை

பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் பட்டறைக்கு வரும்போது வண்டிக்காரர் பெரும்பாலும் தீர்ப்போடுதான் வருவார். “கனெக்டிங் ராட் போயிடுச்சாம், இன்ஜின் இறக்கணுமாம்.” சாலையோரத்தில் யாரோ காது கொடுத்துக் கேட்டுச் சொன்னதாக இருக்கும். அதை அப்படியே நம்பி ஸ்பேனரை எடுக்கிறவருக்கு இந்தத் தொழிலில் பெயர் நிற்காது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது தனி வேலை. அதற்குத் தனி நேரம் வேண்டும், தனிக் கூலியும் வாங்கலாம். பழைய வண்டிகளில் பிழைப்பைத் தேடும் இளைஞர்கள் முதலில் கற்க வேண்டிய கலை இது என்று நான் நினைக்கிறேன்.

புல்லட்டைப் பலர் ஊர்வல வண்டியாக நினைக்கிறார்கள். அது காடுமேட்டில் பெயர் வாங்கிய வண்டி. 1948-ல் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் பின்சக்கர ஸ்விங்கிங் ஆர்ம் சஸ்பென்ஷனோடு இறங்கித் தங்கப் பதக்கங்கள் வென்றது. ஜானி பிரிட்டன் 1952-லும் 1957-லும் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் ட்ரையல்ஸ் போட்டியை வென்றது இதே 350 புல்லட்டில்தான். 1955-ல், இங்கிலாந்தில் புல்லட்டைச் செய்த ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்த பிறகு அது திருவொற்றியூர் வண்டியாகிவிட்டது. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி என்ற அந்தப் பழைய கணக்கு பல பத்தாண்டுகள் மாறவே இல்லை. அதனால் ரெட்டிச் வண்டியில் கற்ற காது இங்கும் உதவும், இங்கே கற்றது அங்கும் உதவும்.

ட்ரையல்ஸில் வேகத்துக்கு மதிப்பெண் கிடையாது. பாறையிலும் சேற்றிலும் நடைவேகத்தில், கால் தரையில் படாமல் போக வேண்டும். ஒருமுறை கால் ஊன்றினால் ஒரு புள்ளி தண்டனை. ஓட்டுகிறவர் கிளட்ச்சைப் பாதி பிடித்தபடியே இன்ஜினை இழுக்க வைப்பார். பிளேட் சூடாகும், டிரம்மின் பள்ளங்களில் பிளேட்டின் காதுகள் மோதி மோதி வடு விழும். மலைப்பாதையில் அப்படி ஓட்டிய வண்டி உங்களிடம் வந்தால் சந்தேகத்தைக் கிளட்ச்சிலிருந்து தொடங்குங்கள்.

முதல் நிபந்தனை: வண்டியை முந்தின நாள் மாலையே விட்டுப் போகச் சொல்லுங்கள். சூடான இன்ஜின் பாதி உண்மையை மறைத்துவிடும். காலையில் நீங்களே குளிர்ந்த வண்டியைக் கிக் அடிக்க வேண்டும். அதற்கு முன் ஆயில் அளவு பாருங்கள், இன்ஜின் தாங்கும் போல்ட்டுகளையும் சைலன்ஸர் கிளாம்பையும் அசைத்துப் பாருங்கள். சத்தம் எப்போது வருகிறது என்று வண்டிக்காரரிடம் கேட்டு, அவர் வார்த்தையிலேயே ஜாப் கார்டில் எழுதுங்கள்: குளிர்ச்சியிலா, ஏற்றத்திலா, ஆக்ஸிலேட்டரை விடும்போதா?

வண்டி ஓடத் தொடங்கியதும் நியூட்ரலில் வைத்துக் கிளட்ச்சைப் பிடித்து விடுங்கள். இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும். நியூட்ரலில் கிளட்ச்சை விட்டிருக்கும்போது கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டிருக்கும், பிடித்தால் நிற்கும். பிடித்ததும் இரைச்சல் அடங்கினால் கியர்பாக்ஸ் பேரிங் பக்கம் தேடுங்கள். பிடித்த பிறகுதான் சத்தம் பிறக்கிறது என்றால் கிளட்ச்சின் புஷ்ராட், அதன் நடு பேரிங், தளர்ந்த பிளேட்டுகள் இவற்றில் ஒன்று. பிடித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி இருந்தால் கிளட்ச்சை விட்டுவிட்டு அடுத்த இடம் போகலாம்.

அடுத்த இடம் இடதுபக்கத்து பிரைமரி கேஸ். அதன் மூடியை ஒரே நட்டு பிடித்திருக்கிறது, கழற்றுவது எளிது. செயின் தளர்ந்திருந்தால் ஐடிலில் கடகடவென்று அடிக்கும், கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் இழுபட்டு அமைதியாகும். செயினை ஒரே இடத்தில் அளக்காமல் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். மிக இறுக்கமான இடத்தில் சுமார் 6 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். டிரம்மின் பள்ளங்களில் விரலை ஓட்டினால் வடு தெரியும். மேலோட்டமான வடுவை அரத்தால் சமன் செய்யலாம், ஆழமாக இருந்தால் டிரம்மை மாற்றுங்கள். சென்னை புதுப்பேட்டையில் பழைய டிரம் கிடைக்கும், ஆனால் வடு உள்ளதற்கு வடு உள்ளதையே வாங்கி வராதீர்கள்.

அதே கேஸுக்குள்தான் ஆல்டர்னேட்டர் ரோட்டரும் இருக்கிறது. பலரை ஏமாற்றுகிற ஆள் அது. கிராங்கின் முனையில் ரோட்டர் தளர்ந்தால் வருகிற ‘டொக் டொக்’ கேட்பதற்கு பிக் எண்ட், அதாவது கனெக்டிங் ராடின் கீழ்முனை பேரிங், போனது போலவே இருக்கும். அந்தச் சத்தத்தை நம்பி முழு இன்ஜினையும் பிரித்துக் கிராங்கை லேத்துக்கு அனுப்பினால், வண்டிக்காரருக்குப் பெரிய செலவு, உங்கள் பெயருக்கும் இழுக்கு. நட்டையும் சாவியையும் பாருங்கள், கையால் அசைத்துப் பாருங்கள். ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே சுற்றிலும் சீரான இடைவெளி, குறைந்தது 0.2 மில்லிமீட்டர், இருக்கிறதா என்று ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். இதைப் பார்க்காமல் யாரும் ‘கனெக்டிங் ராட்’ என்று வாய் திறக்கக் கூடாது.

வலதுபக்கத்தில் டேப்பெட். கேம் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் அதன் ‘டிக் டிக்’ நிதானமாக, எண்ணக்கூடிய தாளத்தில் வரும். இன்ஜின் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது, கம்ப்ரஷனில் பிஸ்டன் மேலே நிற்க, மூடியைத் திறந்து வால்வின் புஷ்ராடைப் பிடியுங்கள். விரலால் தாராளமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. சரி செய்தும் டிக் போகவில்லையா? சைலன்ஸர் குழாய் ஹெட்டில் சேருகிற இடத்தில் புகை கசிந்தால் அதே டிக் வரும். சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

பிஸ்டன் சத்தத்தை நேரம்தான் சொல்லும். குளிர்ச்சியில் கட்டையாக அடித்து, சூடாக ஆகக் குறைந்தால் அது பிஸ்டன் சிலிண்டரில் ஆடுவது. அளவோடு இருந்தால் பழைய வண்டிக்கு அது இயல்பு. போர் போடச் சொல்லி அவசரப்படுத்த வேண்டாம். ஏற்றத்தில் மட்டும் சலங்கை போலக் கிலுங்கினால் இக்னிஷன் டைமிங்கைக் கொஞ்சம் தாமதப்படுத்திப் பாருங்கள். மறைந்துவிட்டால் உலோகத்தில் குறை இல்லை.

இத்தனையும் தாண்டி ஆழத்திலிருந்து கனமான அடி வந்தால், அப்போதுதான் பிக் எண்ட். முதலில் ஹெட்டுக்குப் போகிற ஆயில் இணைப்பின் போல்ட்டை ஐடிலில் சற்றே தளர்த்துங்கள். ஆயில் கசிய வேண்டும். கசியாவிட்டால் பம்ப் வேலை செய்யவில்லை, உடனே இன்ஜினை நிறுத்துங்கள். பிறகு ஹெட்டையும் பேரலையும் கழற்றி, கிராங்க் மேலே நிற்க, ராடை நேராக மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். அந்தத் திசையில் உணரும்படி ஆட்டம் இருந்தால் பிக் எண்ட் போய்விட்டது. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது இயல்புதான். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல கிராங்கைப் பிரித்துப்போட்டவர்கள் ஏராளம்.

காதுக்குத் துணையாக நீளமான ஸ்க்ரூ டிரைவர் போதும். முனையை இன்ஜினின் நிலையான பாகத்தில் ஊன்றி, பிடியைக் காதெலும்பில் வையுங்கள். பிரைமரி மூடியைக் கழற்றிய பிறகு இன்ஜினை ஓட்டாதீர்கள். செயினுக்கு விரலும் சட்டைக் கையும் ஒன்றுதான். மூடிய கொட்டகைக்குள் நீண்ட நேரம் ஐடிலில் விட்டுக் கேட்பதும் வேண்டாம், புகை ஆளைச் சாய்த்துவிடும். நாள் முழுக்க கிரைண்டர் இரைச்சலில் நிற்கிறவர்கள் காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் தொழிலின் முதல் கருவியே காதுதான்.

கூலி விஷயத்தில் தயங்காதீர்கள். சோதிக்க இவ்வளவு, பழுது பார்க்க இவ்வளவு என்று இரண்டாகப் பிரித்து முன்னதாகவே சொல்லுங்கள். மூடியைத் திறப்பதற்கு மேல் எதற்கும் வண்டிக்காரரிடம் கேட்டுவிட்டே கை வையுங்கள். சத்தத்தைச் செல்போனில் பதிவு செய்து வையுங்கள். வேலைக்கு முன் ஒன்று, பின் ஒன்று. மாற்றிய பாகங்களைப் பையில் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். இன்னும் காரணம் பிடிபடவில்லை என்றால் “இன்னொரு நாள் வேண்டும், சார்” என்று சொல்லலாம். ஊகத்தில் இன்ஜினை இறக்குவதைவிட அது மரியாதையான பதில்.

புதுக் கிளட்ச் பிளேட் போட்ட வண்டியைச் சில நூறு கிலோமீட்டர் கழித்து மறுபடி வரச் சொல்லுங்கள். பிளேட் படிந்ததும் கேபிளின் தளர்வு மாறும். லீவரில் 2 முதல் 3 மில்லிமீட்டர் ஆட்டம் விட்டு மறுபடி அட்ஜஸ்ட் செய்து கொடுங்கள். அதற்குக் கூலி கேட்க வேண்டாம்.