ஒத்தடம் வேண்டாம், முட்டை வேண்டும்

புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புது மார்பகம் அமைக்கும் ஆபரேஷன் முடிந்து ஒருத்தி வீடு திரும்பினால், பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளோடு அறிவுரையும் கொண்டுவருவார்கள். ஆப்பிளால் கெடுதல் இல்லை.

“வலிக்குதா? வெந்நீர்ப் பையை வெச்சு ஒத்தடம் கொடு.”

இருப்பதிலேயே ஆபத்தான யோசனை இதுதான். மார்பகத்தை எடுக்கும்போது தோலுக்கு உணர்வு தரும் நரம்புகளும் அறுபடுகின்றன. புது மார்பகம் கண்ணுக்கு மார்பகம். தொட்டால் பெரும்பாலும் மரத்த இடம். மாதங்கள், சிலருக்கு வருடங்கள் கழித்து ஓரளவு உணர்வு திரும்பலாம். பழையபடி முழுதாகத் திரும்புவது அரிது. அங்கே வெந்நீர்ப் பையை வைத்தால் சூடு உறைக்காது. பையை எடுத்த பிறகுதான் கொப்புளம் தெரியும். ஐஸ் வைத்தாலும் இதே கதை. வலி இருப்பது சுற்றியுள்ள தசையிலும் அக்குளிலும். அதற்கு டாக்டர் எழுதிய மாத்திரையை நேரத்துக்குப் போட்டால் போதும். குளிக்கிற தண்ணீரின் சூட்டைக்கூட மறுபக்கக் கையால் பார்த்துவிட்டு ஊற்றிக்கொள்வது நல்லது.

“முட்டை, மீன், பருப்பு தொடாதே. சீழ் வைக்கும்.”

சீழ் வைப்பது கிருமி, முட்டையல்ல. புண் ஆறப் புரதம் வேண்டும். வெறும் ரசம் சோற்றில் பத்தியம் இருந்தால் ஆறுவதுதான் தாமதமாகும். உண்மையில் விலக்க வேண்டியது புகை. நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, தைத்த தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. முட்டைக்குத் தடை போடுகிற வீட்டு ஆண், அவள் படுத்திருக்கும் அறையிலேயே சிகரெட் பற்றவைப்பதுதான் வேடிக்கை.

“டியூபோடயே அனுப்பிட்டாங்களே, ஏதோ தப்பாயிடுச்சு போல.”

தப்பில்லை. உள்ளே சேரும் நீரை வெளியே இழுக்கும் குழாய் அது. நுனியில் கைக்கடக்கமான ரப்பர் குமிழ் இருக்கும். காலையும் மாலையும் மூடியைத் திறந்து அளவுக் குப்பியில் ஊற்ற வேண்டும். குமிழை நன்றாக அமுக்கிப் பிடித்தபடியே மூட வேண்டும். காற்று இருந்தால் இழுக்காது. அளவை நோட்டில் எழுதிவையுங்கள். முதலில் சிவப்பாக வருவது ரோஸாகி, பிறகு வெளிர் மஞ்சளாகும். நாளுக்குச் சுமார் 30 மில்லிக்குக் கீழே வந்ததும் எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் ஆகும். குமிழை நைட்டியின் உள்பக்கம் ஊக்குப் போட்டு மாட்டிக்கொள்ளலாம். வெளுத்து வந்தது திடீரென்று மறுபடி ரத்தமாக வந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, மார்பு சிவந்து வீங்கினாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

“வயித்துச் சதையை எடுத்து வெச்சாங்களாம். தொப்பையும் போச்சு, லாபம்தானே!”

லாபக்கணக்கு போடுகிறவர் முதல் வாரம் கூடவே இருந்து பார்க்க வேண்டும். அடிவயிற்றில் இடுப்புக்கு இடுப்பு தையல். நிமிர முடியாமல் கூன் விழுந்தவள் போலத்தான் நடப்பாள்; தூங்குவதும் முழங்காலுக்கடியில் தலையணை வைத்துத்தான். வயிற்றுத் தோலையும் கொழுப்பையும் எடுத்து, அதன் மெல்லிய ரத்தக் குழாய்களை மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்து நெஞ்சுக் குழாயோடு தைத்திருக்கிறார்கள். முதல் நாள் இரவு நர்ஸ் மணிக்கொரு தரம் எழுப்பி, நிறம் பார்த்து, விரலால் அழுத்தி, சின்னக் கருவியை வைத்து ரத்தம் ஓடும் சத்தம் கேட்பார். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் குழாயில் ரத்தம் உறைந்திருந்தால், உடனே தியேட்டருக்குக் கொண்டுபோனால்தான் அந்தச் சதையைக் காப்பாற்ற முடியும்.

“ஒரே ஆபரேஷன்தானே?”

அபூர்வம். சிலிகான் இம்ப்ளான்ட் வைப்பவர்களில் பலருக்கு முதலில் ஒரு வெறும் பையை வைத்து, சில வாரங்களுக்குப் பின் ஊசி வழியே கொஞ்சம் கொஞ்சமாக உப்புநீர் ஏற்றித் தோலை விரிப்பார்கள். இம்ப்ளான்ட் அதற்கு அப்புறம்தான். அதுவும் ஆயுளுக்கும் வருமென்று எண்ணக்கூடாது; மாற்ற நேரிடலாம். காம்பு அமைப்பது இன்னும் சில மாதம் தள்ளி. கட்டைப் பிரித்த அன்று கண்ணாடியில் தெரியும் வீங்கிய, கோணலான உருவம் கடைசி உருவமல்ல. அது படிய ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும்.

“நோய் திரும்பி வந்தா இது மறைச்சுடுமாமே?” புது மார்பகம் நோயை வரவழைப்பதும் இல்லை, கண்டுபிடிப்பதைப் பொதுவாகத் தடுப்பதும் இல்லை. மற்ற மார்பகத்துக்கு மேமோகிராம் மட்டும் நிற்கக்கூடாது.

“இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்?” என்ற கேள்விக்கு அவள் பதில் சொல்லத் தேவையே இல்லை.

“அசையாம படுத்திரு.” மறுநாளே எழுப்பி நடக்கவைப்பார்கள், காலில் ரத்தம் உறையாமலிருக்க. கையை அசைக்கப் பயந்து மடக்கியே வைத்திருந்தால் தோள் இறுகிப்போகும். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் அளவுக்கு அசைக்கத்தான் வேண்டும். தூக்குவது வேறு விஷயம். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், பேரப்பிள்ளை எல்லாம் ஆறு வாரத்துக்குக் கிடையாது. ஸ்கூட்டியும் டாக்டர் சரி என்ற பிறகுதான். அப்போதும் முதல் நாள் வாசலில் நிறுத்திவைத்த வண்டியில் உட்கார்ந்து, பிரேக்கைச் சட்டென்று அழுத்திப் பாருங்கள். நெஞ்சில் சுள்ளென்று இழுத்தால் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிடலாம்.