ஜெயித்த பிறகு என்ன?



தோற்றுப் போனவனுக்குப் புத்தி சொல்ல ஊரே வரும். "மனசை விடாதேப்பா, மறுபடியும் முயற்சி செய்" என்பார்கள். ஜெயித்தவனுக்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை. கை கொடுப்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், போய்விடுவார்கள். உண்மையில் அப்போதுதான் நமக்குப் புத்தி சொல்ல ஓர் ஆள் தேவை.

நம்மில் பலர் இப்போது படித்துக்கொண்டே வியாபாரம் செய்கிறோம். முறுக்கு, கேக், மருதாணி, ஆன்லைனில் துணி, டியூஷன் என்று ஏதாவது ஒன்று. அது நன்றாக ஓட ஆரம்பித்த பிறகு நம் மனசுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் இந்த மாதப் பாடம். நான் பெரிய தொழிலதிபர் இல்லை. மூன்றாம் ஆண்டு பொறியியல் மாணவன். ஆனால் சின்ன அளவில் ஜெயித்து, அந்த ஜெயிப்பாலேயே ஒருவருக்குக் கெடுதல் செய்தவன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1. எங்கள் 'கம்பெனி'

இரண்டாம் ஆண்டில் நானும் கூடப் படிக்கும் இரண்டு பேரும் விடுதி அறையிலேயே லேப்டாப் சர்வீஸ் ஆரம்பித்தோம். தூசு தட்டி, சிப்பின் மேல் வெப்பப் பசை மாற்ற 30 வெள்ளி. மெதுவாக ஓடும் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டுக் கொடுக்கத் தனிக் கூலி. தொடக்கத்தில் எங்களுக்கு ரொம்ப பயம். அதனால் ஒன்பது படிகள் கொண்ட ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினோம். ஏழாவது படி: லேப்டாப்காரர் நம் முன்னாலேயே தன் கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும். எட்டாவது படி: பழைய டிஸ்க்கை ஒரு வாரம் தொடாமல் வைத்திருக்க வேண்டும்.

முதல் செமஸ்டரில் ஒரு புகார்கூட வரவில்லை. ஒருவர் சொல்லி ஒருவர் வந்தார்கள். வீட்டில் கைச்செலவுக்குக் கேட்பதை மூன்று பேரும் நிறுத்தினோம். பெயர் போட்டு டி-சட்டைகூட அடித்தோம்!

அதற்குப் பிறகு நாங்கள் சோம்பேறி ஆகவில்லை. இதைக் கவனியுங்கள். முன்பைவிட அதிகமாகத்தான் வேலை செய்தோம். ஆனால் "இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையே" என்ற ஒரு வார்த்தை எங்களுக்குள் வந்துவிட்டது. ஏழாவது படி போனது. பழைய டிஸ்க்கை விலைக்கு எடுத்து, அழித்து, உறை போட்டு மற்ற மாணவர்களுக்கு விற்கலாம் என்று கண்டுபிடித்ததும் எட்டாவது படியும் போனது.

ஓர் இரவு முதலாண்டுத் தங்கச்சி ஒருவரிடமிருந்து செய்தி வந்தது. "அண்ணா, என் லேப்டாப்பில் டி டிரைவ் காணோம்." படித்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. டிஸ்க்கின் ஒரு பகுதியை மட்டும் புதியதற்கு மாற்றிவிட்டு, மறு பகுதியை விட்டிருக்கிறோம். பழைய டிஸ்க்கை அழித்து அன்றைக்கே வேறொருவருக்கு விற்றும் விட்டோம்.

நான் என்ன செய்தேன்? போனைக் கவிழ்த்து வைத்தேன். "நாளைக்கு டெஸ்ட் இருக்கு, அப்புறம் பார்க்கலாம்" என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பதில் போட்டது இரண்டு நாள் கழித்து.

அழித்த டிஸ்க்கிலிருந்து கோப்புகளை மீட்க முடியும், அதன்மேல் புதிதாக எதையும் எழுதாமல் இருந்தால். நான் சும்மா இருந்த அந்த இரண்டு நாளில், அதை வாங்கியவர் நிறைய படங்களை அதில் ஏற்றிவிட்டார். நாங்கள் திரும்ப வாங்கி மீட்டுப் பார்த்தபோது சில புகைப்படங்கள் கிடைத்தன. அசைன்மென்ட்டை அவர் மறுபடியும் எழுதினார். ஆனால் அந்த டிரைவில் அவருடைய பாட்டி பேசிய காணொளிகள் இருந்தன. பாட்டி இப்போது இல்லை. அந்தக் கோப்புகள் ஒன்றுகூடத் திறக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். "பரவாயில்லைண்ணா" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இங்கே இரண்டு தவறுகள் இருக்கின்றன. படியைத் தாண்டியது மெத்தனம். செய்தியைப் பார்த்தும் பதில் போடாதது மனசின் எதிர்ப்பு. முதல் தவறைச் சரி செய்திருக்கலாம். இரண்டாவதுதான் அதைச் சரி செய்ய முடியாததாக ஆக்கியது.

2. தேவர்களும் ஒரு புல்லும்

இது புதிய வியாதி இல்லை. கேனோபநிஷத்தில் ஒரு கதை வருகிறது. தேவர்கள் போரில் ஜெயித்தார்கள். ஜெயிக்க வைத்தது பரம்பொருள். ஆனால் அவர்கள், "இது நம்ம வெற்றி, நம்ம பெருமை" என்று நினைத்துக்கொண்டார்கள். அப்போது ஒரு யக்ஷன் அவர்கள் முன்னால் தோன்றினான். யார் என்று பார்த்து வர அக்னி போனான். "உனக்கு என்ன சக்தி?" என்று யக்ஷன் கேட்க, "உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் எரிப்பேன்" என்றான். யக்ஷன் அவன் முன்னால் ஒரே ஒரு புல்லை வைத்தான். அக்னியால் அதை எரிக்க முடியவில்லை. அடுத்து வாயு போனான். அதே புல்லை அவனால் அசைக்கக்கூட முடியவில்லை.

கடைசியில் இந்திரன் போனான். யக்ஷன் மறைந்துவிட்டான். மறைந்த இடத்தில் உமாதேவி காட்சி கொடுத்தாள். இந்திரன் அவளிடம் கேட்டான். அவள்தான் அது பரம்பொருள் என்றும், அதன் வெற்றியில்தான் உங்களுக்குப் பெருமை வந்தது என்றும் சொல்லிக் கொடுத்தாள்.

இதில் எனக்குப் பிடித்தது இரண்டு இடம். ஒன்று, சோதனை மலையாக வரவில்லை, புல்லாக வந்தது. எங்களுக்கும் அப்படித்தான். பெரிய பழுதில் நாங்கள் தோற்கவில்லை. ஒரு வாரம் டிஸ்க்கைத் தொடாமல் வைக்கும் சின்ன வேலையில்தான் தோற்றோம். இரண்டு, அக்னியும் வாயுவும் முடியவில்லை என்று திரும்பி வந்துவிட்டார்கள். இந்திரன் அங்கேயே நின்று கேட்டான். தெரியாது என்று ஒத்துக்கொண்டு நின்றவனுக்குத்தான் பதில் கிடைத்தது.

3. வள்ளுவர் பிரித்து வைத்த இரண்டு

திருக்குறளில் சோம்பலைப் பற்றி மடியின்மை என்று ஓர் அதிகாரம் இருக்கிறது, 61ஆவது அதிகாரம். அதற்கு முன்பே, 54ஆவது அதிகாரமாகப் பொச்சாவாமை வந்துவிடுகிறது. பொச்சாப்பு என்றால் மகிழ்ச்சியில் மயங்கிக் கடமையை மறப்பது. சோம்பலும் இதுவும் வேறு வேறு என்பதால்தான் தனித்தனி அதிகாரம் என்று நான் புரிந்துகொள்கிறேன். சோம்பேறி வேலையே செய்ய மாட்டான். பொச்சாப்பு உள்ளவன் ஓடி ஓடி வேலை செய்வான், ஆனால் செய்ய வேண்டிய ஒன்றை மறந்திருப்பான்.

அளவு மீறிய கோபத்தைவிட, சந்தோஷ மிகுதியில் வரும் மறதி கெட்டது என்பது அந்த அதிகாரத்தின் முதல் குறளின் கருத்து. கோபம் வந்தால் நமக்கே தெரியும், பக்கத்தில் இருப்பவர்களும் சொல்வார்கள். இந்த மறதி வந்தால் தெரியாது. அதற்கு மருந்தும் அதே அதிகாரத்தில் இருக்கிறது: சந்தோஷத்தில் மிதக்கும்போது, இப்படி மறந்து கெட்டுப்போனவர்களை நினைத்துக்கொள். அதனால் ஒரு பெரிய கம்பெனியை நினைத்துப் பார்ப்போம். அது நமக்குத் தூரமானதும் இல்லை.

4. பினாங்குக்கு வந்த கம்பெனி

இன்டெல் 1968இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. 1972இலேயே பினாங்கில் ஆலை வைத்துவிட்டது. நம் சொந்தக்காரர்களில் யாராவது ஒருவர் பினாங்கு ஆலைகளில் வேலை பார்த்திருப்பார். அந்தக் காலத்தில் இன்டெல்லின் பெயரே மெமரி சிப்பால் வந்தது. 1980களில் ஜப்பான் கம்பெனிகள் அதே சிப்பை இன்னும் தரமாக, இன்னும் மலிவாகக் கொடுக்க ஆரம்பித்தன. இன்டெல்லுக்கு அது தெரியும். ஆனாலும் விட மனசு வரவில்லை. "நாம்தானே மெமரி கம்பெனி!"

1985இல் ஒரு நாள் ஆண்டி குரோவ், தன்னோடு கம்பெனியை நடத்திய கார்டன் மூரிடம் ஒரு கேள்வி கேட்டார். நம்மை வெளியே அனுப்பிவிட்டு வேறொருவரைத் தலைவராகக் கொண்டு வந்தால், அவர் முதலில் என்ன செய்வார்? மெமரியை விட்டுவிடுவார் என்றார் மூர். அப்படியானால் நாமே கதவுக்கு வெளியே போய், திரும்ப உள்ளே வந்து, அதைச் செய்தால் என்ன என்று கேட்டார் குரோவ். செய்தார்கள். கணினிக்கு மூளையான பிராசசர் சிப்பில் முழுக் கவனத்தையும் வைத்தார்கள். 1992க்குள் இன்டெல் உலகின் மிகப் பெரிய சிப் கம்பெனி ஆனது.

பார்த்தீர்களா, பதில் அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. தடுத்தது அறிவுக் குறைவு இல்லை. பழைய வெற்றி மேல் இருந்த பாசம்.

கதை அதோடு முடியவில்லை. 2007இல் வந்த ஐபோனுக்குச் சிப் செய்து தரும் வாய்ப்பு இன்டெல்லுக்கு வந்தது. லாபம் வராது என்று கணக்குப் போட்டு விட்டுவிட்டார்கள். கைப்பேசி உலகம் அவர்கள் கையை விட்டுப் போனது. 2024 நவம்பரில் டவ் ஜோன்ஸ் பங்குப் பட்டியலிலிருந்து இன்டெல்லை எடுத்துவிட்டு என்விடியாவைச் சேர்த்தார்கள். ஒரு தடவை பாடம் படித்த கம்பெனியே மறுபடியும் சறுக்கியது. அப்படியென்றால் இது ஒரு தடவை படித்து முடிக்கும் பாடம் இல்லை. தினம் பல் விளக்குவது மாதிரி.

5. மனசு ஏன் எதிர்க்கிறது?

முதலாண்டில் உராய்வு பற்றிப் படித்திருப்போம். நிற்கும் பெட்டியைக் கிளப்பத்தான் அதிக விசை வேண்டும். நகர ஆரம்பித்துவிட்டால் அதைவிடக் குறைந்த விசை போதும். மனசும் அப்படித்தான். பதில் போடாமல் இருந்த இரண்டு நாளும் எனக்கு மலை மாதிரி இருந்தது. "தவறு எங்களுடையது, உடனே வருகிறேன்" என்று தட்டச்சு செய்ய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஜெயிப்பதற்கு முன்னால் நமக்கு இழக்க ஒன்றும் இல்லை. ஜெயித்த பிறகு ஒரு பெயர் இருக்கிறது. புதிதாக ஒன்றை முயன்றால் அந்தப் பெயர் கெடலாம். தவறை ஒத்துக்கொண்டாலும் கெடலாம். அதனால் மனசு நல்ல நல்ல காரணமாகக் கொடுக்கும். "டெஸ்ட் இருக்கு", "இப்ப நேரம் சரியில்லை", "ஓடுறதை ஏன் மாத்தணும்?" எல்லாமே நியாயமாகத்தான் தெரியும்.

கீதையின் இரண்டாம் அத்தியாயம் 47ஆவது சுலோகத்தை நாம் அடிக்கடி சொல்கிறோம். பலனில் பற்று வைக்காதே என்ற பகுதி எல்லாருக்கும் தெரியும். அதே சுலோகத்தின் கடைசிப் பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. செயல் செய்யாமல் இருப்பதிலும் பற்று வைக்காதே என்கிறார் பகவான். 'பற்று இல்லை' என்று சொல்லிச் சும்மா இருப்பதும் ஒரு பற்றுதான். நேற்றைய பலனைப் பிடித்துக்கொண்டிருந்தால் இன்றைய கடமைக்குக் கை காலியாக இருக்காது.

6. இந்த மாதம் செய்து பார்க்க

அ. வெளியே போய் உள்ளே வாருங்கள். மாதத்தில் ஒரு நாள், உங்கள் வியாபாரத்தையோ படிப்பையோ இன்றைக்குத்தான் வேறொருவர் கையில் எடுக்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவர் முதலில் எதை மாற்றுவார்? ஒரே ஒரு விஷயத்தை எழுதுங்கள்.

ஆ. விட்டுப்போன படியைத் தேடுங்கள். ஆரம்பத்தில் பயந்து பயந்து செய்த எந்தச் சின்ன வேலையை இப்போது செய்வதில்லை? அதுதான் உங்கள் புல்.

இ. பத்து நிமிஷம் மட்டும். தள்ளிப்போட்ட போன், கணக்கு, மன்னிப்பு எதுவானாலும் சாமி கும்பிட்டவுடன் பத்து நிமிஷம் அதற்குக் கொடுங்கள். பெட்டி நகர்ந்துவிடும்.

ஈ. குறை சொல்ல ஒருவரை வையுங்கள். நாங்கள் அந்தத் தங்கச்சியிடமே கேட்டோம். யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். இப்போது மாதம் ஒரு முறை எங்கள் அறைச் சுவரில் உள்ள பட்டியலைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, எந்தப் படியைச் செய்தோம் என்று கேட்கிறார். பதில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த வெட்கம் தேவை.

உ. வெற்றியைச் சாமியிடம் கொடுத்துவிடுங்கள். முதல் லாபத்தில் அர்ச்சனை செய்கிறோம், சரி. அந்தப் பெருமையையும் அங்கேயே வைத்துவிட்டு வந்தால், மறுநாள் காலையில் புதிதாக வேலை கற்றுக்கொள்ள வந்தவன் மாதிரி உட்காரலாம்.

7. குழுவில் பேச

• உங்கள் வீட்டிலோ தெரிந்த இடத்திலோ, நன்றாக ஓடிய கடை ஏன் படுத்தது? வெளிக் காரணம் எவ்வளவு, உள் காரணம் எவ்வளவு?

• மனநிறைவும் மெத்தனமும் எங்கே பிரிகின்றன? எந்நேரமும் ஓடிக்கொண்டே இருப்பதுதான் தீர்வா?

• இப்போது நீங்கள் பார்த்தும் பதில் போடாத செய்தி எது?

கடைசிக் கேள்விக்குக் குழுவில் பதில் சொல்ல வேண்டாம். வகுப்பு முடிந்ததும் போனை எடுத்து அவருக்குப் பதில் போடுங்கள். எங்கள் சுவரில் இப்போது பத்துப் படிகள் இருக்கின்றன. பத்தாவது: கெட்ட செய்தி வந்தால் அன்றைக்கே பதில். இந்தப் படி இரண்டு நாள் முன்னதாக இருந்திருந்தால், ஒரு பேத்தி இன்றைக்கும் தன் பாட்டியின் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பார்.