கிளைவ் பர்: டிரம்ஸ் பழகும் வடசென்னைத் தம்பிக்கு



டிரம்மர் கிளைவ் பர் 1957 மார்ச் 8 அன்று கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமில் பிறந்தவர். துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பிப் பிழைத்த வட்டாரம் அது. இன்று லண்டன் தமிழர்கள் நெருக்கமாக வாழும் இடங்களில் ஒன்று. அதே கிழக்கு லண்டனில் பாஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸ் 1975-இல் தொடங்கிய மெட்டல் இசைக்குழு அயர்ன் மெய்டன். முன்பு சாம்சன் குழுவில் வாசித்த பர், 1979 இறுதியில் இதில் சேர்ந்தார். ‘அயர்ன் மெய்டன்’ (1980), ‘கில்லர்ஸ்’ (1981), ‘தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்’ (1982) என்று மூன்று ஆல்பங்கள். மூன்றாவது, பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்த ஆண்டு முடியும்போது அவர் குழுவில் இல்லை.

மூன்றே ஆண்டுகள் வாசித்தவரின் தடம் நாற்பதாண்டுக்கு மேல் அழியாமல் இருப்பதற்குக் காரணம், ஹாரிஸின் பாஸுக்கு அவர் விட்ட இடம். ஹாரிஸ் பிளெக்ட்ரம் இல்லாமல் விரலால் வாசிப்பவர். அவருடைய விரல்களில் ‘தா தக, தா தக’ என்று குதிரைப் பாய்ச்சல் ஓடிக்கொண்டே இருக்கும்: ஒரு நீளம், இரண்டு குறுக்கம். அந்த பாஸே பாதித் தாளவாத்தியம். அதன்மேல் கிக்கையும் டாமையும் அள்ளிக் கொட்டினால் இரண்டும் கலங்கி வெறும் இரைச்சலாகிவிடும். பர் கொட்டவில்லை. ஸ்நேரைச் சற்றே துள்ளலோடு வைத்தார். ஃபில்களை வரிக்கும் வரிக்கும் நடுவில் சுருக்கமாகச் சொல்லிவிட்டு விலகினார். பங்க் இசையின் படபடப்பு அவர் கையில் இருந்தது, ஆனால் காலப்பிரமாணம் தளும்பவில்லை.

‘ரன் டு தி ஹில்ஸ்’ பாடலின் தொடக்கத்தைக் கூர்ந்து கேட்கலாம். கிட்டார் நுழையும்முன் டிரம்ஸ் தனித்து வருகிறது. உலகெங்கும் மெட்டல் பழகுகிறவர்கள் பலர் முதலில் கைவைப்பது இந்தத் தொடக்கத்தில்தான். அடிகளைப் பிடிப்பது கடினமில்லை. அடிகளுக்கு நடுவில் இருக்கும் மௌனத்தை அதே அளவில் நிறுத்துவதுதான் கடினம். ‘தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்’ பாடலின் தொடக்க ரிஃப் ஐந்து எண்ணிக்கையில் சுழல்வது. ‘தகதகிட’ என்று வாயால் சொல்லிப் பழகியவருக்கு அது உடனே பிடிபடும். இப்படி வாயால் தாளம் சொல்லும் கொன்னக்கோல் மெட்டலுக்கு எந்த வகையிலும் அந்நியமில்லை.

வடசென்னையில் டிரம்ஸ் பழகுகிறவருக்கு இன்னொரு பள்ளி வீட்டு வாசலிலேயே உண்டு. காசிமேட்டிலும் ராயபுரத்திலும் கானா பாடும்போது, தட்டுகிற கை பாடுகிறவரின் மூச்சைப் பார்த்துத்தான் நகரும். வரி முடியும்வரை அடக்கி வைத்து, முடிந்ததும் ஏறி அடிக்கும். பர் பாடகருக்கும் பாஸ் கலைஞருக்கும் செய்தது இதையேதான். டபுள் பெடல் வாங்கிய முதல் மாதத்தில் இந்தப் பாடம் மறந்துபோவது சகஜம். வேகம் தேவைதான், அதைப் பிறகும் ஏற்றிக்கொள்ளலாம். முதல் ஆண்டில் குழுவின் பாஸ் கலைஞரோடு மட்டும், கிட்டார் இல்லாமல், மெதுவான மெட்ரோனோமில் உட்கார்ந்து பழகுவதே பலன் தரும். நெருக்கமான தெருவில் முழு செட்டை அடிக்க முடியாதபோது பிராக்டீஸ் பேடும் பாஸுமே போதும். கடற்காற்றில் ஸ்டாண்டும் திருகுகளும் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால், வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவைப்பதையும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

பர் விலகிய பிறகு வந்த நிக்கோ மெக்பிரைன் வேறு வகை: பெரும்பாலும் ஒற்றை பெடல், வலுவான கால், நுணுக்கமான ஃபில்கள். ‘வேர் ஈகிள்ஸ் டேர்’ பாடலின் முதல் சில நொடிகளிலேயே குழுவின் நடை மாறிவிட்டது தெரியும். பாடகர் புரூஸ் டிக்கின்சன் பிற்காலத்தில், நுட்பத்தில் மெக்பிரைன் தேர்ந்தவராக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டே, குழுவின் தலைசிறந்த டிரம்மர் பர்தான் என்றார். பர் தம்மைச் சரிசெய்துகொள்ள இன்னும் அவகாசம் தரப்படவில்லையே என்றும் வருந்தினார். இரண்டாவது கருத்தே அதிகம் யோசிக்க வைக்கிறது. ஓய்வில்லாத கச்சேரிப் பயணத்தில் முதலில் களைப்பது டிரம்மரின் உடல். குழு தொடங்கும் நாளிலேயே ஓய்வு பற்றியும் மாற்றாள் பற்றியும் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

பின்னாளில் பருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனும் நரம்புநோய் வந்தது. கைகால்களைக் கொண்டு வாழ்ந்தவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தது. பழைய குழு அவரைக் கைவிடவில்லை. 2002 மார்ச்சில் லண்டன் பிரிக்ஸ்டன் அகாடமியில் அவருக்காக நிதி திரட்டும் கச்சேரிகளை அயர்ன் மெய்டன் நடத்தியது; அவர் பெயரில் அறக்கட்டளை நிதியும் அமைந்தது. 2013 மார்ச் 12 அன்று, 56 வயதில், வீட்டில் உறங்கும்போது அவர் உயிர் பிரிந்தது.

ஸ்டூடியோ ஆல்பங்களுக்குப் பிறகு கேட்க வேண்டியது, 1982 மார்ச்சில் லண்டனில் பதிவாகி 2002-இல் வெளிவந்த ‘பீஸ்ட் ஓவர் ஹேமர்ஸ்மித்’ எனும் கச்சேரிப் பதிவு. மேடையில் பாடல்கள் ஆல்பத்தைவிட வேகமாக ஓடுகின்றன. ஹெட்போனில், ஒரே பாடலை முதலில் பாஸுக்காகவும் அடுத்து டிரம்ஸுக்காகவும் தனித்தனியாகக் கேட்டால், யார் யாருக்கு எங்கே வழிவிடுகிறார்கள் என்பது துல்லியமாகப் புலப்படும்.